குறைமாதக் குழந்தையும் தாயும்: பிணைப்பு வளரச் செவிலியர் எப்படிக் கைகொடுக்கலாம்

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையை ஈரம் துடைத்துத் தாயின் மார்பில் போடுகிறார்கள். சூடு, பால், மணம், குரல் எல்லாமே அந்த ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. 37 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைக்கு, அதிலும் 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைக்கு, இதே வேலைகள் பல கைகளுக்குப் போய்விடுகின்றன. சூட்டை இன்குபேட்டர் தருகிறது. பாலை மூக்கு வழியாகப் போகும் டியூப் வயிற்றில் சேர்க்கிறது. மூச்சுக்கு சிபேப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று தரும் கருவி) அல்லது வென்டிலேட்டர். டயபர் மாற்றுவது, வாய் துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் செவிலியர். குழந்தை பிழைக்க இவை அனைத்தும் வேண்டும். ஆனால் தாய்க்கு மிஞ்சுவது கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது மட்டும்தான்.

பிணைப்பு பெரும்பாலும் கைவேலையில் வளர்கிறது. தூக்கி, துடைத்து, ஊட்டி, அழுகையை அடக்கித்தான் 'இது என் குழந்தை' என்ற நிச்சயம் மனத்தில் ஊறுகிறது. அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிணைப்புக்கு உதவுவது என்றால், தாயிடமிருந்து போன வேலைகளை ஒவ்வொன்றாக, குழந்தையின் உடல் தாங்கும் வேகத்தில், அவரிடமே திருப்பிக் கொடுப்பது என்று பொருள். இதற்கு அன்பான பேச்சு மட்டும் போதாது. தெளிவான செய்முறை வேண்டும்.

முதல் மணி நேரம் தவறிவிட்டால்?

தாயின் மனத்தில் குழந்தைமேல் எழும் நெருக்கத்தைப் பிணைப்பு என்கிறோம். குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்பவரிடம் கொள்ளும் ஒட்டுதல் வேறு. அது முதல் ஆண்டு முழுக்க மெல்ல உருவாவது. 1970களில் மார்ஷல் கிளாஸ், ஜான் கெனல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பிறந்தவுடன் தாயும் சேயும் சேர்ந்திருப்பதன் மதிப்பை உரக்கச் சொன்னார்கள். அதனால் நல்லது நிறைய நடந்தது. கூடவே, அந்தச் சில மணி நேரம் தவறினால் எல்லாமே தவறிப்போகும் என்ற பயமும் பரவியது. அப்படி ஒரு கெடு கிடையாது என்பது பின்னர் தெளிவானது. சிசேரியன் முடிந்து 3 நாள் கழித்துத்தான் குழந்தையைப் பார்த்தேன் என்று கலங்கும் தாயிடம் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். பிணைப்பு பின்னாலும் வளரும். சிலருக்கு முதல் பார்வையில் எந்த உணர்ச்சியும் எழாது, பயம் மட்டுமே இருக்கும். அதுவும் இயல்பு.

தாயால் வர முடியாத நாட்களிலும் செய்யக்கூடியது உண்டு. குழந்தையின் படத்தைத் தாயின் படுக்கைக்குக் கொண்டுபோகலாம். படத்தில் மெஷின்கள் மட்டும் தெரியாமல் ஒரு கை, ஒரு காது என்று குழந்தை தெரியட்டும். சுத்தமான சிறு துணித்துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தாயின் மார்போடும் மற்றொன்றைக் குழந்தையின் அருகிலும் சில மணி நேரம் வைத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குத் தாயின் மணம் போகிறது. குழந்தையின் மணம் பட்ட துணியை வைத்துக்கொண்டு பால் எடுப்பது பல தாய்மாருக்கு எளிதாக இருக்கிறது. துணி குழந்தையின் முகத்தை மூடாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும்.

முதல் வருகை

தாய் உள்ளே வருவதற்கு முன்பே, வெளியில் உட்காரவைத்து 2 நிமிடம் பேசுங்கள். குழந்தை எவ்வளவு சிறியதாக இருக்கும், முகத்தில் என்ன ஒட்டியிருக்கும், எந்த ஒயர் எதற்கு, அலாரம் அடித்தால் என்ன பொருள் என்பதை முன்கூட்டியே சொன்னால் அதிர்ச்சி பாதியாகக் குறையும். கால் கொஞ்சம் ஆடினாலே ஆக்ஸிஜன் அளவியின் அலாரம் அடிக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால், தான் தொட்டதால்தான் அடித்தது என்று தாய் நினைத்துக்கொள்வார். அடுத்த முறை கையை நீட்டமாட்டார்.

உள்ளே வந்ததும் உட்கார நாற்காலி வேண்டும். நிற்கும் தாய் விருந்தாளி. உட்கார்ந்த தாய்தான் பொறுப்பாளி. குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் பெயர் சொல்லிப் பேசுங்கள். "பெட் நம்பர் 4" என்ற சொல் தாயின் காதில் விழவே கூடாது. பல தாய்மார் மானிட்டரையே வெறித்துக்கொண்டு இருப்பார்கள். திரையை மெல்ல உங்கள் பக்கம் திருப்பிவிட்டு, "எண்ணை நான் பார்த்துக்கறேன்மா, நீங்க குழந்தையைப் பாருங்க" என்று சொன்னால் போதும்.

"சிஸ்டர், தொட்டா ஏதாவது ஆயிடுமா?" என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லாத் தாயிடமிருந்தும் வரும். "இப்ப வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்பது சுலபமான பதில், ஆனால் மிகவும் கெடுதலான பதில். எப்படித் தொடவேண்டும் என்று அங்கேயே காட்டிக்கொடுக்கவேண்டும்.

தொடும் முறை

நாம் பழகிய தடவுதல், தட்டிக்கொடுத்தல், கன்னம் கிள்ளுதல் எதுவும் இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. 28 வாரக் குழந்தையின் தோல் மெல்லியது. மூளையோ தொடுவுணர்ச்சியை வடிகட்டிக்கொள்ளப் பழகாதது. விரலால் வருடினால் சுகமாக இல்லாமல் தொந்தரவாகப் படும். அசையாத கைதான் இதற்கு ஏற்றது.

கைகளை முழங்கை வரை கழுவி, மோதிரம், வளையல் கழற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கவேண்டும். முதலில் குரல்: மெதுவாக ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் தொடவேண்டும், இல்லையென்றால் குழந்தை திடுக்கிடும். பிறகு ஒரு உள்ளங்கை தலையைக் குவித்துப் பிடிக்கட்டும். மற்றொரு கை மடங்கிய கால்களையும் பாதங்களையும் சேர்த்து அணைக்கட்டும். கருப்பைக்குள் இருந்ததுபோல் கைகால் நடுவில் கூடியிருக்கவேண்டும். அழுத்தம் உறுதியாக, எடை போடாமல். அப்படியே 5 முதல் 10 நிமிடம். எடுக்கும்போதும் ஒவ்வொரு கையாக, மெதுவாக.

குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போதும், டியூப் மாற்றும்போதும் இதே பிடியைத் தாய் பிடிக்கலாம். வலிக்கும் நேரத்தில் குழந்தைக்கு ஆறுதல் தந்த கை தன்னுடையது என்ற நினைவு தாயிடம் தங்கிவிடுகிறது. ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது. பார்க்க முடியாது என்று சொல்பவரை வெளியே போய் இருந்துவிட்டு, முடிந்ததும் வந்து அணைக்கச் சொல்லலாம்.

குழந்தை பேசும் மொழி

குறைமாதக் குழந்தை அழுது கேட்பது குறைவு. அதன் உடல்தான் பேசும். இதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது, செவிலியர் தாய்க்குத் தரக்கூடிய உதவிகளிலேயே மிக நீண்ட நாள் பயன்படுவது என்பது எங்கள் கருத்து. வீட்டுக்குப் போன பிறகும் இதுதான் உதவும்.

போதும் என்பதற்கான அடையாளங்கள்: விரல்களை விசிறிபோல் விரிப்பது, கையை முகத்துக்கு முன்னே தடுப்பதுபோல் நீட்டுவது, முதுகை வளைப்பது, விக்கல், தும்மல், கொட்டாவி, பார்வையைத் திருப்பிக்கொள்வது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது. கொட்டாவி விட்டால் தூக்கம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இந்தக் குழந்தையிடம் அது களைப்பின் முறையீடாகவும் இருக்கலாம். இன்னும் மிஞ்சினால் மூச்சு நின்று, இதயத் துடிப்பு இறங்கும். நன்றாக இருக்கிறேன் என்பதற்கும் அடையாளம் உண்டு: கையை வாய்க்குக் கொண்டுபோவது, விரலைப் பற்றுவது, பாதத்தை எதன்மீதாவது ஊன்றிக்கொள்வது, நெற்றிச் சுருக்கம் விரிவது, சீரான மூச்சு.

இந்த அடையாளங்கள் தெரியாத தாய், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'என்னைப் பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார். இது மிகைப்படுத்தல் இல்லை; பல தாய்மார் வாய்விட்டே சொல்வார்கள். அப்போது செவிலியர் குழந்தையின் சார்பில் பேசவேண்டும்: "உங்க குரல், உங்க முகம், வெளிச்சம் மூணும் சேர்ந்து அவனுக்கு ஜாஸ்தியாயிடுச்சு. பேச்சை நிறுத்திட்டுக் கையை மட்டும் வைங்க, பாருங்க." ஒரு நேரத்தில் ஒரே புலன் என்பது எளிய விதி. பேசினால் ஆட்டவேண்டாம், பார்த்தால் பாடவேண்டாம். அறையின் சத்தம் 45 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. இன்குபேட்டர் மேல் பாட்டிலை வைப்பதும், அதன் கதவை அறைந்து மூடுவதும் உள்ளே இருக்கும் காதுக்கு இடி.

கங்காரு பராமரிப்பு

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியிருந்த நிலையில், எட்கார் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் கட்டிவைக்கத் தொடங்கினார். இல்லாமையில் பிறந்த முறை, இன்று வசதியுள்ள இடங்களிலும் முதல் தரச் சிகிச்சை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகள் இருந்தார்கள். நிலைப்படும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே கங்காரு முறையில் வைத்தவர்களில் முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 12.0. உடல்நிலை சீரான பிறகு தொடங்கியவர்களில் 15.7. அந்த ஆய்வில் தாயின் படுக்கையும் குழந்தையின் பிரிவுக்குள்ளேயே இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல், எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இதைத் தரச் சொன்னது.

யாருக்கு உடனே தொடங்கக் கூடாது? பிறந்தபின் உதவி தந்தும் தானாக மூச்சுவிடாத குழந்தை, ரத்த ஓட்டம் சரிந்து அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தை ஆகியோருக்குக் காத்திருக்கவேண்டும். வென்டிலேட்டரில் உள்ள குழந்தையைப் பழக்கப்பட்ட குழு உள்ள இடங்களில் மார்பில் வைக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாத இடத்தில் தனியாக முயலவேண்டாம். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயம் முதல் 3 நாட்களில் அதிகம் என்பதால், அந்த நாட்களில் எவ்வளவு அசைக்கலாம் என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கவேண்டும். சிபேப், கால் வழி ட்ரிப்ஸ், டியூப் பால் இவை எதுவும் தடை இல்லை.

முன்னேற்பாடு முக்கியம். தாய் சிறுநீர் கழித்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வேண்டுமென்றால் பால் எடுத்துவிட்டு வரட்டும். குறைந்தது 1 மணி நேரம் உட்காரவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் தூக்கி மாற்றும் அலைச்சல்தான் மிச்சம், ஆழ்ந்த தூக்கச் சுற்று ஒன்றுகூட முடியாது. முன்பக்கம் திறக்கும் உடை, 30 முதல் 45 டிகிரி சாயும் நாற்காலி, அருகில் தண்ணீர். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயபர் மட்டும்.

மாற்றும்போது இருவர் இருப்பது நல்லது. ஒருவர் குழந்தையை, மற்றவர் ஒயர்களையும் டியூப்களையும் பார்த்துக்கொள்வார். மூச்சுக் கருவியின் டியூபில் தண்ணீர் தேங்கியிருந்தால் தூக்குவதற்கு முன்பே வடித்துவிடவேண்டும். இல்லையென்றால் அது குழந்தைப் பக்கம் ஓடும். முடிந்தால் தாயே இன்குபேட்டர் அருகில் நின்று குனிந்து, குழந்தையைக் கைகால் மடங்கியபடி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னால் நகர்ந்து உட்காரலாம். பிறர் தூக்கிக் கொடுப்பதைவிட இதில் குழந்தைக்கு அலுங்கல் குறைவு. 'நானே எடுத்தேன்' என்ற நிறைவும் தாய்க்குக் கிடைக்கிறது.

இருக்கும் நிலை: மார்பகங்களுக்கு நடுவில் நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சு. தலை ஒரு பக்கம் திரும்பி, சற்றே மேல்நோக்கி. தாடை மார்பில் புதைந்தால் மூச்சுக்குழாய் மடங்கும். தலை அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்தாலும் அதே ஆபத்து. இடுப்பும் கால்களும் தவளைபோல் மடங்கி, கைகள் மடங்கி. கட்டும் துணியின் மேல் விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே வரட்டும். நெஞ்சுப் பகுதியில் துணி இறுகலாம், வயிற்றுப் பகுதியில் இறுகக் கூடாது. இந்தக் குழந்தை வயிற்றால்தான் மூச்சுவிடுகிறது. மூச்சு டியூப்களைத் தாயின் தோளில் ஒட்டிவைத்தால் எடை குழந்தையின் மூக்கில் விழாது. பின் முதுகுக்கு ஒரு போர்வை.

மாற்றிய முதல் சில நிமிடங்களில் ஆக்ஸிஜன் அளவு கொஞ்சம் இறங்கி ஏறும். உடனே தூக்கித் திரும்ப வைத்துவிடுவது நாம் அதிகம் செய்யும் தவறு. குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால், 10, 15 நிமிடம் அமைதியாக விட்டால் பெரும்பாலும் நிலைப்பட்டுவிடும். நிறம் நீலமாகி, துடிப்பு இறங்கி, தூண்டியும் மீளவில்லை என்றால் அது வேறு கதை, உடனே எடுக்கவேண்டும். அக்குள் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்கவேண்டும். முதலில் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு ஒவ்வொரு வேளைப் பாலுக்கும் முன்பு பார்க்கலாம். தாய் கண்ணயர்ந்தால் தவறில்லை. சாய்ந்த நிலையில், துணி கட்டி, யாரோ ஒருவர் கண் பார்வையில் இருக்கும்வரை. தட்டையாகப் படுத்துத் துணி கட்டாமல் உறங்கினால் குழந்தை சரிந்து மூச்சு அடைபடும்.

இரட்டைக் குழந்தைகளில் நலமாக இருக்கும் குழந்தையோடு தாய் முதலில் நெருங்குவதும், மற்றதிடம் தயங்குவதும் உண்டு. இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் அந்த இடைவெளி. இருவரையும் மாறி மாறி, முடிந்தால் ஒன்றாகவே, மார்பில் வைக்க இடம் செய்து கொடுங்கள்.

பால், தாய் மட்டுமே தரக்கூடியது

பிறந்த சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள், பால் எடுக்கத் தொடங்கவேண்டும். பிறகு 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை, இரவில் ஒரு முறையாவது. முதல் நாட்களில் கையால் பீய்ச்சுவது சீம்பாலுக்கு ஏற்றது. ஒவ்வொரு முறையும் சில சொட்டுகளே வரும். "இவ்வளவுதானா" என்று முகம் சுளிப்பது, பாத்திரத்தைத் தாயின் எதிரில் அளந்து பேசுவது, இவை இரண்டும் பால் வரத்தைக் குறைக்கும் தவறுகள். சிரிஞ்சில் 0.1 மில்லி எடுத்து இரு கன்னத்தின் உட்புறமும் விடுவதற்குத் தாயையே அழைத்துவந்தால், அந்தச் சொட்டு வீணாகவில்லை என்பதை அவர் கண்ணாலேயே பார்ப்பார். இரண்டாம் வார இறுதியில் நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் வரத்து நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சரிபார்ப்பது செவிலியர் வேலை. சிரிஞ்சைப் பிடித்துக்கொள்வது தாயின் வேலையாகட்டும். உயர்த்தினால் பால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாகும் என்று காட்டிக்கொடுத்தால் போதும். அதே நேரம் குழந்தை மார்பில் இருந்து, பால் எடுத்து முடித்த மார்பைச் சப்பிப் பழகலாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் ஒழுங்காகச் சேர்வது 32 முதல் 34 வார வாக்கில். அதற்கு முன் நாக்கால் நக்குவதும் மணம் பிடிப்பதுமே பயிற்சி.

டயபர் மாற்றுவதையும் இப்படியே படிப்படியாகக் கொடுக்கலாம். முதல் நாள் பார்ப்பது, இரண்டாம் நாள் சேர்ந்து செய்வது, மூன்றாம் நாள் தாய் செய்ய, செவிலியர் அருகில் நிற்பது. கால்களைச் சேர்த்து மேலே தூக்கக் கூடாது. தலைக்குள் அழுத்தம் கூடும். பக்கவாட்டில் சாய்த்து மாற்றவேண்டும். செவிலியர் 1 நிமிடத்தில் முடிப்பதைத் தாய் 10 நிமிடம் செய்வார். அந்த 9 நிமிடப் பொறுமையில்தான் இந்தத் துறையின் பாதி வேலை இருக்கிறது. ஷிப்ட் மாறும்போது புதிய செவிலியர் வந்து "இதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று பிடுங்கிக்கொண்டால் முந்தைய 3 நாள் உழைப்பும் போச்சு. தாய் எதையெல்லாம் தானே செய்கிறார் என்று படுக்கையில் ஒரு அட்டையில் எழுதி மாட்டுவது எளிய தீர்வு.

தாயின் மனம்

முதல் இரு வாரங்களில் காரணமின்றி அழுகை வந்து போவது பிரசவித்தவர்களில் பலருக்கும் உண்டு. அதைத் தாண்டியும் நீடித்தால், குழந்தையைப் பார்க்க வருவதையே தவிர்த்தால், வந்தாலும் தொடாமல் திரும்பினால், தூக்கம் கிடைத்தும் உறங்க முடியாவிட்டால், மனச்சோர்வா என்று பார்க்கவேண்டும். எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்வித் தாள் இதற்கு உதவும். மொத்தம் 30 மதிப்பெண். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் தெரிவித்து, தாயைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அடிக்கடி வராத தாயை அக்கறை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம். தையல் வலி, வீட்டில் இன்னொரு குழந்தை, இழப்பைப் பற்றிய பயம் என்று ஆயிரம் காரணம் இருக்கும். "ஏன் நேத்து வரல?" என்பதற்குப் பதில் "நேத்து ராத்திரி ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தாம்மா, உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்று தொடங்குங்கள். எடை எத்தனை கிராம் கூடியது என்பதோடு குழந்தை செய்த ஒரு காரியத்தையும் தினமும் சொல்லவேண்டும். எடை இறங்கிய நாளிலும் அப்போது தாய்க்குக் கொண்டுபோக ஏதோ ஒன்று இருக்கும்.

வீட்டுக்குப் போகும் முன்

குறைந்தது ஒரு நாள் இரவு, தாயும் குழந்தையும் ஒரே அறையில், எல்லா வேலையும் தாயே செய்ய, செவிலியர் அழைத்தால் மட்டும் வருவதாக இருக்கவேண்டும். மானிட்டர் இல்லாத முதல் இரவின் பயத்தை மருத்துவமனைக்குள்ளேயே கடந்துவிடுவது நல்லது. குழந்தை பசித்தாலும் எழாமல் உறங்கக்கூடும், எனவே சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் தரவேண்டும் என்பதையும், வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடாமல் பிறக்கவேண்டிய தேதியிலிருந்து கணக்கிடவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். 8 வாரம் முந்திப் பிறந்த குழந்தை நிறைமாதக் குழந்தையைவிடச் சுமார் 2 மாதம் பின்தங்கித்தான் முகம் பார்த்துச் சிரிக்கும். இது தெரியாத தாய் அந்த 2 மாதமும் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார். தொட்டிலில் எப்போதும் மல்லாந்துதான் படுக்க வைக்கவேண்டும். மார்பில் வைக்கும் வழக்கத்தை வீட்டிலும் தொடரலாம். ஏறத்தாழ 2.5 கிலோ எட்டும்போது குழந்தையே நெளிந்து, கையை வெளியே நீட்டி, துணியிலிருந்து வெளிவரப் பார்க்கும். அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.